கிட்டார் தாத்தாவும் என் ஏழு பொய்களும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர்ப் புது மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, நான் ஏழு பொய் சொன்னேன்.

ஒன்று இரண்டு இல்லை. ஏழு. வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் யோக்கியதை ஓரளவு தெரியும். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்வது, தலைவலி என்று ஸ்டாஃப் மீட்டிங்குக்கு டிமிக்கி கொடுப்பது... எல்லாம் சில்லறைப் பொய்கள். இது மொத்த வியாபாரம். ஊரே கொள்முதல் செய்தது.

முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். என் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், மற்ற மூன்று பக்கமும் கரிசல் காடு. ஆபீஸ் என்றதும் ஏ.சி., கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயரே ஆபீஸ்தான். அந்த ஆபீஸ் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் சொந்தச் செலவில் ஊருக்கு ஒரு கலையரங்கம் கட்டிக் கொடுத்தார். கான்கிரீட் மேடை, தகரக் கூரை, பின்சுவரில் ஒரு மயில். மயிலின் கழுத்து கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒட்டகம்.

திறப்பு விழாவுக்கு நாட்டுப்புற இசை நிகழ்ச்சி என்று முடிவானது. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம். இதோடு விட்டிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அண்ணாச்சியின் மகள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறாள். அவள் குடியிருக்கிற தெருவில் ஒரு தாத்தா. பெயர் லெஸ்டர். வயது எழுபத்தெட்டு. ஐம்பது வருஷமாக ஒற்றை கிட்டாரை வைத்துக்கொண்டு ‘ப்ளூஸ்’ பாடுகிறவர். சென்னையில் இரண்டு கச்சேரிக்காக வருகிறார், அப்படியே நம்மூருக்கும் வரச் சொல்லட்டுமா என்று மகள் போனில் கேட்டாள். அண்ணாச்சி சரி என்றார். ஃப்ளெக்ஸில் ‘அமெரிக்கப் புகழ்’ என்று போட இடம் விட்டார்.

சரி, அமெரிக்கா பேசுவது ஊருக்கு எப்படிப் புரியும்?

அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

எங்கள் வீட்டில் ஆட்டுக் கம்பை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிய முதல் ஆள் நான். எம்.ஏ. ஆங்கிலம். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். “எம்மவ கனவே இங்கிலீஷ்லதான் காணுதா” என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு வருகிற கனவுகளில் பெரும்பாலும் ஆடுகள்தான் வருகின்றன. அவை எந்த மொழியும் பேசுவதில்லை. ஆனால் அதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை.

மதுரை ஏர்போர்ட்டில் போய் அவரைக் கூட்டி வந்தவளும் நான்தான். வெள்ளைக்காரர் வருவார் என்று எதிர்பார்த்து நின்றது ஊர். காரிலிருந்து இறங்கியவர் அச்சு அசலாக எங்கள் பெரியப்பா நிறம். “அமெரிக்காவுலயும் நம்ம வெயிலுதான் போல” என்றாள் அம்மா. அந்த ஒரு வரியில் அவர் ஊர்க்காரராகிவிட்டார். கிட்டார் தாத்தா என்று பெயரும் வைத்தாயிற்று.

வருகிற வழியில் நான் அவரிடம் ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்டேன். கவலைப்படுகிறவன் பாடுகிற பாட்டு என்றார். எனக்கு இது ஆகாத பதில். ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், புது மேடை. மொதப் பாட்டு மங்களமா இருக்கணும். நீங்கதான் பாத்துக்கிடணும்” என்று சொல்லியிருந்தார்.

சந்தோஷமான பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று தாத்தாவிடம் பணிவாகக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். எட்டயபுரம் விலக்கு தாண்டியதும் முகம் மலர்ந்தது. இருக்கிறது, ஒன்று இருக்கிறது, அந்தப் பாட்டில் கடைசி வரியில்தான் ஆள் சாகிறான் என்றார்.

இப்போது நான் அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நிகழ்ச்சியிலிருந்து தாத்தாவைத் தூக்கியிருப்பார்கள். அவ்வளவு தூரம் வந்த மனிதர் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைப்பானேன்? மைக் பிடித்து, ஊர் முன்னால், இங்கிலீஷ்காரரின் பக்கத்தில் நிற்கிற வாய்ப்பு எனக்குப் போயிருக்கும். அம்மா புதுச்சேலை எடுத்துவிட்டாள் வேறு.

இந்த இடத்தில் வேலம்மா அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தை ஊருக்கே அத்தை. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதலில் ஆள் போவது அத்தைக்குத்தான். ஆனால் சாவு விழாத வீட்டில், ஊர் எல்லைக்குள், அத்தை ஒரு வரி பாட மாட்டார். பாடினால் ஆகாது. ஒருமுறை காலேஜில் இருந்து இரண்டு பேர் ஒப்பாரியை ரெக்கார்டு பண்ண வந்தார்கள். அத்தை அவர்களை நடத்தியே எல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், உச்சி வெயிலில் காட்டில் உட்கார வைத்துத்தான் பாடினார். அந்த அத்தை அன்றைக்கு முதல் வரிசையில், நட்ட நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் நாலரை மணி. மேடையின் வலது பக்கம் வில்லுப்பாட்டுக் குழு தங்கள் முறைக்காகத் தயாராக உட்கார்ந்திருந்தது. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னால், “ஆமா” என்று எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் இருப்பார். எங்கள் குழுவில் அது சுடலைமணி அண்ணன். இருபது வருஷமாக ஆமா போடுகிறவர். அவர் முன்னாலும் ஒரு மைக் இருந்தது. அணைக்கப்படாத மைக்.

தாத்தா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். இடது கைச் சுண்டு விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டார். சோடா பாட்டிலின் கழுத்தை மட்டும் அறுத்து எடுத்த மாதிரி இருந்தது. அதைக் கம்பியின் மேல் வைத்து இழுத்தார் பாருங்கள்... கிட்டார் அழுதது. நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. கன்றைப் பிரித்த மாடு மாதிரி நிஜமாகவே அழுதது.

ஒரு வரி பாடினார். நிறுத்தினார். அதே வரியை மறுபடி பாடினார். நிறுத்தினார். மறந்துவிட்டார் போல என்று பின் வரிசையில் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பாட்டின் அமைப்பே அப்படித்தானாம். ஒரு வரி, கொஞ்சம் இடைவெளி, அதே வரி, மறுபடி இடைவெளி. இடைவெளியைப் பார்த்த சுடலைமணி அண்ணனால் சும்மா இருக்க முடியுமா?

“ஆமா...”

தாத்தா சட்டென்று திரும்பிப் பார்த்தார். நான் பயந்துபோனேன். அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இன்னொன்று போடு என்பதுபோலத் தலையாட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் ஆமா. ஐம்பது வருஷம் சேர்ந்து பாடிய ஜோடி போல இருந்தது.

பாட்டு முடிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பாட்டில் பாதிதான் எனக்குப் புரிந்தது. எம்.ஏ.வில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் வேறு, தாத்தாவின் வாயிலிருந்து வந்தது வேறு. ஆனால் புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. மனைவி விடிகாலை ரயிலில் ஏறிப் போய்விட்டாள். ஸ்டேஷனில் நின்று அவர் அழுகிறார். இனி வர மாட்டாள்.

அண்ணாச்சி கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புது மேடை. முதல் பாட்டு.

“தாத்தா தன் மனைவியை ரயில் ஏற்றி அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்” என்றேன். அது முதல் பொய். கூட்டம் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பது போலத் தெரிந்தது. “பிரசவத்துக்கு” என்று சேர்த்தேன். இரண்டாவது.

“ஆமா” என்றார் சுடலைமணி அண்ணன், மைக்கில்.

கைதட்டல். அண்ணாச்சி கையைப் பிரித்துக்கொண்டார். நானும் மூச்சு விட்டேன்.

இரண்டாவது பாட்டு, ஆற்றில் வெள்ளம் வந்து வீடு போனதைப் பற்றி. இதில் எனக்குச் சங்கடமே இல்லை. வெள்ளத்தை நினைத்து அழுகிறவன் எங்கள் பக்கம் உண்டா? “நல்ல மழை பெய்து, கண்மாய் நிறைந்து, மறுகால் பாய்கிறது” என்றேன். விசில் பறந்தது. பங்குனி வெயிலில் வாய் பிளந்து கிடக்கிற கரிசல் காட்டுக்காரர்களிடம் மழை என்று சொன்னால் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

பிறகு வந்தது வினை. நடு வரிசையில் இருந்து ஒரு அக்கா சத்தமாகக் கேட்டார்.

“ஏட்டி, பிரசவத்துக்குப் போனவ என்ன ஆனா? பிள்ளை பிறந்துச்சா இல்லையா?”

வாசகர்களே, ஒரு பொய் சொல்வது சுலபம். அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம்.

தாத்தாவிடம் ஏதோ கேட்பது போலக் குனிந்தேன். வெக்கையாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நிமிர்ந்து, “பெண் குழந்தை” என்றேன். தாயும் சேயும் நலமா என்றார்கள். நலம் என்றேன். என்ன பேர் என்றார்கள். மேரி என்றேன்.

“ஆமா... மேரி” என்றார் சுடலைமணி அண்ணன். ஆறு பொய் ஆயிற்று. மணி ஐந்துகூட ஆகவில்லை.

மூன்றாவது பாட்டு எதைப் பற்றி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பாதிக்கு மேல் அதில் சொற்களே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ இருந்து வெறும் முனகல். கண்ணாடிக் குழாய் கம்பியில் ஊர்ந்தது. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. சுடலைமணி அண்ணன்கூட ஆமா போட மறந்துவிட்டார்.

முடிந்ததும் நான் முந்திக்கொண்டேன். “மகள் பிறந்த ஆனந்தக் கண்ணீர்.”

வேலம்மா அத்தை எழுந்தார்.

“ஆனந்தமா? ஏட்டி, முப்பது வருசமா நான் அழுதுக்கிட்டு இருக்கேன். எனக்கு எது ஆனந்தம், எது ஒப்பாரின்னு தெரியாதா?” மேடையை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். “பொட்டப் பிள்ளை பிறந்துச்சேன்னு அழுதான் இந்த மனுசன். அதைச் சொல்லக் கூசிக்கிட்டு நீ பூசி மெழுகுத.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. யார்தான் எதிர்பார்ப்பார்கள்? பெண்கள் பக்கம் முழுக்கச் சலசலத்தது. அவ்வளவு தூரம் படித்த நாட்டிலும் இந்தப் புத்தியா என்று ஒரு குரல். பெற்றவள் ரயிலில் போய்ப் பெற்றாள், இவருக்கு என்ன நோக்காடு என்று இன்னொரு குரல். தாத்தாவுக்கு எதுவும் புரியவில்லை. தன் பாட்டைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினார். அது இன்னும் மோசமாகப் போனது.

அப்போது எங்கள் அம்மா எழுந்தாள். புதுச்சேலை மொடமொடத்தது.

“நான் பெத்ததும் பொட்டப் பிள்ளதான்” என்று தாத்தாவைப் பார்த்து, தாத்தாவுக்குத் தெரியாத தமிழில் சொன்னாள். “அங்கன மைக்கைப் பிடிச்சிக்கிட்டு நிக்கா, பாத்தியளா? உம்ம பாசையவே பேசுதா. நான் அழுதேனா?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஏழு பொய்யைச் சுமந்தவளுக்கு எட்டாவது என்ன கனம் என்று நீங்கள் கேட்கலாம். கனம் பொய்யில் இல்லை. என்னைக் காட்டி அம்மா பெருமைப்பட்ட அந்த நொடியில் என் கையில் இருந்த மைக்கில் இருந்தது. ஒரு நல்ல மனிதரை, பெண் பிள்ளைக்கு அழுதவர் என்று ஊர் திட்டுகிறது. அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்.

“எல்லாரும் உட்காருங்க” என்றேன். “மேரி என்று யாரும் பிறக்கவில்லை. யாரும் பிரசவத்துக்குப் போகவில்லை. மழையும் பெய்யவில்லை. வெள்ளத்தில் இவர் வீடு போய்விட்டது. இவர் மனைவி ரயில் ஏறியது... விட்டுட்டுப் போனது. திரும்பி வரவே இல்லை. நான் சொன்னது அத்தனையும் பொய்.”

“ஆமா” என்றார் சுடலைமணி அண்ணன். இருபது வருஷப் பழக்கம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு நாற்காலியை இழுத்து அதில் காலைப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சிக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் இதுதான் அடையாளம். நிகழ்ச்சி முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் தாத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடிக் குழாயை விரலிலிருந்து கழற்றினார். பிறகு, எனக்கு மகளா, என்ன பெயர் வைத்தாய் என்று மட்டும் கேட்டார். மேரி என்றேன். பரவாயில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். கிட்டாரைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார். விடிந்தால் அவருக்குச் சென்னைக்கு ஃப்ளைட். இங்கே இனி பாடப்போவதில்லை. அதற்கு முழுக் காரணம் ஒரு எம்.ஏ. ஆங்கிலம்.

ஆனால் கீழே வேறொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போனவளுக்கு ஒப்பாரி வைக்கலாமா, கூடாதா?

கூடாது, உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி வைப்பது பாவம் என்று ஒரு கட்சி. தப்பில்லை, அவளுக்கு ஆயுசுதான் கூடும் என்று எதிர்க்கட்சி. “அப்பம் அந்தம்மா நூறைத் தாண்டிருவாவ. அம்பது வருசமாப் பாடுதாராம்லா” என்றாள் அம்மா. அதற்குள் அவள் தாத்தாவை மன்னித்துவிட்டிருந்தாள். மனைவி விட்டுப்போன ஆண் மேல் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தனி இரக்கம் உண்டு. விட்டுப்போன மனைவி மேல் அதைவிட அதிக மரியாதை உண்டு. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியில் எல்லாரும் வேலம்மா அத்தையைப் பார்த்தார்கள். இந்தச் சட்டத்தில் ஊருக்கு ஒரே நீதிபதி அவர்தான்.

“செத்தாலும் போனாலும் அழுகை அழுகைதான்” என்றார் அத்தை. “புது மேடையில மூணு பாட்டு ஏறிட்டு. அதுக்கு நாளைக்கு விடிய மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவணும். பொய் சொன்னவதான் கழுவணும்.”

நான் தலையாட்டினேன்.

“அவரு எதுக்குப் பெட்டியைக் கட்டுதாரு?”

பாடக் கூடாது என்றால் கட்டத்தானே வேண்டும் என்றேன்.

“பாடக் கூடாதுன்னு யாரு சொன்னா? இங்கன கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் வரச் சொல்லு.”

சொல்லிவிட்டு, அத்தை தன் நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். பின்னால் அம்மா. அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு நாற்காலியாகக் கிளம்பியது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக ஊர்வலம் போயின. சவுண்ட் சர்வீஸ்காரர் ஓடி வந்து, அங்கே கரண்ட்டுக்கு எங்கே போவது என்று கேட்டார். தாத்தா கிட்டாரைத் தூக்கிக் காட்டினார். மரப்பெட்டியும் ஆறு கம்பியும் மட்டும்தான், அதற்கு எந்தக் காலத்தில் கரண்ட் வேண்டியிருந்தது?

ஓடையில் தண்ணீர் கிடையாது, மணல்தான். அதைத் தாண்டினால் பருத்திக் காடு. கடைசி எடுப்பும் முடிந்து, செடிகள் காய்ந்து நின்றன. அங்கங்கே தப்பிய பஞ்சு வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தாத்தா சட்டென்று நின்றார். குனிந்து, வெடித்த ஒரு காயில் இருந்த பஞ்சை மூன்று விரலால் பறித்தார். ஒரே இழுப்பு. காயின் தோடு செடியிலேயே நின்றது, பஞ்சு சிதறாமல் கைக்கு வந்தது.

பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். “எடுத்த கை” என்றார் அத்தை. சின்ன வயதில் பருத்தி எடுத்தாராம், அவருடைய அப்பாவும் எடுத்தாராம் என்று நான் கேட்டுச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் என்னை நம்பவில்லை. ஆனால் அந்தக் கையை நம்பினார்கள்.

அந்தக் காட்டில்தான் அப்போது எங்கள் ஆட்டுக் கிடை போட்டிருந்தோம். ஆடுகளுக்கு நடுவில் நாற்காலிகள் இறங்கின. ஆறு மணிக்கு வருவதாக இருந்த சிறப்பு விருந்தினர் ஆறரைக்கு வந்து, மேடையில் மயிலை மட்டும் பார்த்துவிட்டு, அண்ணாச்சியோடு ஓடை தாண்டி வந்து சேர்ந்தார். அண்ணாச்சி ஆட்டுக் குட்டிகளை விலக்கிக்கொண்டு நடந்து வந்து தாத்தாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை. பரவாயில்லை, காலைக் கீழே போட்டுத்தான் உட்கார்ந்தார்.

தாத்தா ரயில் பாட்டை மறுபடி பாடினார். மைக் இல்லாத குரல் இன்னும் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொன்னேன். எம்.ஏ. படித்து இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. ஒரு ஆடு கத்தியது. அதற்குப் பிறகுதான் அது நடந்தது.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தாத்தாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஆறுதலாகப் பாடப் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அத்தையோ போனவளின் பக்கம் போய் நின்றுகொண்டு பாடினார்.

“பத்து விரலாலே பாட்டெடுத்த ராசாவே
ஒத்த விரலாலே ஒரு விறகு தள்ளினியா?
ஊரெல்லாம் நின்னு உம்பாட்டுக் கேக்கையிலே
ஒருவாய்க் கஞ்சிக்கு உன்னத் தேடினேனே...
கருக்கல்லே நான் நடந்து ரயிலேறப் போகையிலே
கம்பி முறுக்கிக்கிட்டுக் கவுந்தே இருந்தியே...”

பெண்கள் பக்கம் ஒரு பெரிய மூச்சு விட்டது. ஆண்கள் பக்கம் யாருக்கும் யாரையும் பார்க்கத் தைரியம் இல்லை. சிறப்பு விருந்தினர் தன் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டார்.

தாத்தா என்னைப் பார்த்தார். சொல்லு என்றார்.

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. விறகு தள்ளுவதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் சொன்னேன். கேட்டுக்கொண்டே, பழக்கத்தில் அவர் கை கிட்டாரின் முறுக்காணிக்குப் போனது. பாதி வழியில் நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, இந்த அம்மாவுக்கு என் மனைவியைத் தெரியுமா என்று கேட்டார்.

நான் அதை அத்தையிடம் சொன்னேன். “தெரியாமப் பின்ன? வீட்டுக்கு ஒருத்தி இருக்கா” என்றார் அத்தை, எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை விடிய, ஆறு குடம் மஞ்சள் தண்ணீர் சுமந்து மேடையைக் கழுவினேன். வீட்டுக்கும் மேடைக்கும் நடந்த நடையில் எம்.ஏ. முழுசாகக் கரைந்துபோனது. மூன்றாவது குடத்தில் அம்மா துணைக்கு வந்தாள். நான் பிறந்தபோது நிஜமாகவே நீ அழவில்லையா என்று கேட்டேன். “அழுதேன். அதுக்கென்ன இப்பம்? அதை அந்த மனுசங்கிட்ட சொல்லணுமாக்கும்” என்றாள். ஆக, பொய் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துபோயிற்று.

ஏர்போர்ட் கிளம்பிய தாத்தா, காரை மேடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். ஈர மேடையையும் என்னையும் பார்த்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். ஒன்று மட்டும் கேட்க வேண்டுமாம். அந்த அம்மா பாடியதாக நீ சொன்னாயே, அதில் நீயாகச் சேர்த்தது எவ்வளவு?

ஒன்றுமே இல்லை என்றேன்.

விரலை ஆட்டிச் சிரித்தார். நம்பவில்லை. சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

என் பொய்களுக்கு மைக் வைத்து ஆமா போட ஆள் இருந்தது. கடைசியாக ஓர் உண்மை சொன்னேன்... சுடலைமணி அண்ணன் அப்போது பக்கத்தில் இல்லை.